பதினைந்து மாதப் படிப்புக்கு முந்தைய மாதங்கள்

நியூ ஜெர்சியில் கைபேசித் திரையிலும் நெடுஞ்சாலை ஓரங்களிலும் அடிக்கடி கண்ணில் படும் விளம்பரம் ஒன்று உண்டு. ஏற்கெனவே ஏதேனும் ஒரு பட்டம் வைத்திருப்பவர்கள் பன்னிரண்டு அல்லது பதினைந்து மாதங்களில் பதிவுபெற்ற செவிலியராகிவிடலாம் என்று அது சொல்லும். அந்த மாதக் கணக்கு பொய்யல்ல. ஆனால் அந்தக் கணக்கு வகுப்பு தொடங்கும் நாளிலிருந்துதான் ஓடத் தொடங்குகிறது. முன்தேவைப் பாடங்கள், சான்றிதழ் மதிப்பீடு, நுழைவுத் தேர்வு, பரிந்துரைக் கடிதங்கள், தன்விளக்கக் கட்டுரை என்று அந்த நாளுக்கு முன்னால் கடக்க வேண்டிய தொலைவு, தமிழ்நாட்டில் பட்டம் பெற்றுவிட்டு இங்கே வந்த ஒருவருக்குப் படிப்பைவிட நீண்டதாகவே இருக்கும். இரண்டாம் பட்டமாகச் செவிலியர் படிப்புக்கு விண்ணப்பித்து இடம் பெற்றவள் என்ற முறையில், மிச்சமாவதாகச் சொல்லப்படும் காலத்தில் பெரும்பங்கு கல்லூரி வாசலுக்கு வெளியே செலவாகிவிடுகிறது என்பதே என் முடிவு. அப்படிச் செலவாகும் காலத்தைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் இந்தப் படிப்பு என்னவென்று சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் செயின்ட் லூயிஸ் பல்கலைக்கழகம் 1971-இல் இத்தகைய துரிதப் பட்டப்படிப்பைத் தொடங்கியது. இந்த வகையில் நாட்டிலேயே அதுதான் முதலாவது. வேறு துறையில் இளநிலைப் பட்டம் பெற்றவர் மொழி, வரலாறு, சமூகவியல் போன்ற பொதுப் பாடங்களை ஏற்கெனவே முடித்திருப்பார். அவருக்குச் செவிலியப் பாடங்களையும் மருத்துவமனைப் பயிற்சியையும் மட்டும் இடைவெளியின்றிக் கோடை விடுமுறையையும் சேர்த்து நடத்திவிடலாம் என்பதே அதன் அடிப்படை. டிரெக்சல் பல்கலைக்கழகத்தின் படிப்பு 11 மாதங்களில் முடிந்துவிடும் என்று பேர்பெற்றது. மற்றவை பெரும்பாலும் 12 முதல் 16 மாதங்கள். முடிவில் கிடைப்பது அதே பி.எஸ்.என். என்ற செவிலிய இளநிலைப் பட்டம், எழுத வேண்டியது நான்காண்டு படித்தவர்கள் எழுதும் அதே என்கிளெக்ஸ் என்ற உரிமத் தேர்வு. இந்தியாவில் இதற்கு நிகரான வழி கிடையாது. அங்கே பன்னிரண்டாம் வகுப்பில் உயிரியல் படித்தவர் நான்காண்டு பி.எஸ்சி. நர்சிங்கில் சேர வேண்டும். போஸ்ட் பேசிக் படிப்போ ஏற்கெனவே பட்டயம் பெற்ற செவிலியர்களுக்கானது. ஆகவே ஊரில் யாரிடம் இதை விளக்கினாலும் முதலில் வருவது குழப்பம்தான். "டிகிரி முடிச்சு இத்தனை வருஷம் ஆச்சு, மறுபடியும் ஃபர்ஸ்ட் இயர்ல இருந்தா ஆரம்பிக்கப் போறே?" என்று அம்மா கேட்டார். அதற்கு ஆம் என்றும் இல்லை என்றும் பதில் சொல்லலாம்.

எனக்கு வேலூர்ப் பக்கம். சி.எம்.சி. மருத்துவமனையை நிறுவிய ஐடா ஸ்கடர் 1909-இல் செவிலியர் பள்ளி தொடங்கிய ஊர் அது. இந்தியாவில் செவிலியர் பட்டப்படிப்பு முதன்முதலில், 1946-இல், தொடங்கிய இடங்களில் அதுவும் ஒன்று. என் அத்தை ஒருவர் அங்கே பட்டயம் படித்து, ஓய்வு பெறும்வரை வார்டு சிஸ்டராக இருந்தார். எங்கள் வீட்டில் யாருக்கு ஊசி போட வேண்டுமென்றாலும் அத்தையைத்தான் கூப்பிடுவார்கள். ஆனால் பெண் பிள்ளைகளுக்கு என்ன படிப்பு என்ற பேச்சு வரும்போது அத்தையின் படிப்பை மட்டும் யாரும் சொல்லமாட்டார்கள். நான் நுண்ணுயிரியலில் பி.எஸ்சி. முடித்து, சென்னையில் ஒரு மருந்து நிறுவனத்தின் தரக்கட்டுப்பாட்டு ஆய்வகத்தில் வேலை பார்த்து, திருமணத்துக்குப் பின் கணவரின் எச்-1பி வேலை விசாவைச் சார்ந்த எச்-4 விசாவில் நியூ ஜெர்சியின் எடிசனுக்கு வந்தேன். கணவரின் கிரீன் கார்டுக்காக அவருடைய நிறுவனம் கொடுத்த ஐ-140 மனு ஏற்கப்பட்ட பிறகு, 2015-இல் நடைமுறைக்கு வந்த விதியின்படி எனக்கும் வேலை அனுமதி அட்டை கிடைத்தது. ஆய்வக வேலைக்கே திரும்பியிருக்கலாம். தட்டில் வளரும் கிருமியை எண்ணி எழுதுவதைவிட, அந்தக் கிருமி யாருடைய உடம்பில் இருக்கிறதோ அவரோடு பேசும் வேலை வேண்டும் என்று தோன்றியது. இதற்குமேல் உயர்வான காரணம் எதையும் அப்போது நான் வைத்திருக்கவில்லை.

விண்ணப்ப வேலை தொடங்குவது பழைய பட்டத்தை இங்கே செல்லுபடியாக்குவதில். கல்லூரிகள் நம் மதிப்பெண் பட்டியலை நேரடியாக வாங்கிக்கொள்வதில்லை. டபிள்யூ.இ.எஸ். போன்ற மதிப்பீட்டு நிறுவனம் ஒன்று அதைப் பாடவாரியாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் இத்தனை கிரெடிட், இன்ன கிரேடு என்று அமெரிக்கக் கணக்கில் எழுதிக் கொடுக்க வேண்டும். அதற்குப் பல்கலைக்கழகத்திலிருந்து டிரான்ஸ்கிரிப்ட் என்ற அதிகாரபூர்வ மதிப்பெண் ஆவணம் நேரடியாகப் போக வேண்டும். தாளில் அனுப்பினால் உறை ஒட்டப்பட்டு, ஒட்டிய இடத்தின் மேல் முத்திரை விழுந்திருக்க வேண்டும். ஆறு பருவங்களின் மதிப்பெண் பட்டியல்களையும் நகலெடுத்துக்கொண்டு அப்பாதான் எனக்காகத் தேர்வுத் துறை அலுவலகத்துக்குப் போய்வந்தார். எந்த ஜன்னலில் சலான், எந்த ஜன்னலில் விண்ணப்பம் என்பதெல்லாம் அவருக்குப் பத்திர அலுவலக அனுபவத்தால் எளிதாக விளங்கியது. என்னைப் போல வெளிநாட்டில் இருப்பவர்கள் இந்த ஒரு வேலையை எல்லாவற்றுக்கும் முன்னால் தொடங்கிவிடுவது நல்லது. மற்ற எதையும் நம் வேகத்துக்கு முடுக்கலாம், இதை முடியாது.

மூன்றாண்டு பட்டம் என்பது அடுத்த சிக்கல். இங்கே இளநிலைப் பட்டம் நான்கு ஆண்டு, ஏறத்தாழ 120 கிரெடிட். பி.இ., பி.டெக். படித்தவர்களுக்கு இந்தக் கேள்வியே எழாது. பி.எஸ்சி., பி.காம். படித்தவர்களின் பட்டத்தைச் சில மதிப்பீட்டு நிறுவனங்கள் மூன்று ஆண்டுக் கல்லூரிப் படிப்பு என்று மட்டும் எழுதிவிடும். அப்படி எழுதினால் இரண்டாம் பட்டத்துக்கான விண்ணப்பத் தகுதியே போய்விடும். டபிள்யூ.இ.எஸ். போன்றவை, இந்தியக் கல்வி நிறுவனங்களைத் தரமிடும் நாக் அமைப்பின் 'ஏ' தரம் பெற்ற நிறுவனத்தில் நல்ல வகுப்பில் தேறியிருந்தால் மூன்றாண்டுப் பட்டத்தையும் அமெரிக்க இளநிலைப் பட்டத்துக்கு நிகராக ஏற்கின்றன. எனக்கு அது வாய்த்தது. மதிப்பெண் மாற்றமோ எதிர்பாராத மகிழ்ச்சி. நம் ஊர்ப் பல்கலைக்கழகங்களில் அறுபது விழுக்காடு வாங்கப் படும் பாட்டை இவர்கள் அறிந்திருக்கிறார்கள் போலும்; முதல் வகுப்பு மதிப்பெண்கள் பெரும்பாலும் 'ஏ' கிரேடாகவே மாறி வந்தன. அறுபத்து மூன்று வாங்கியதற்காக வீட்டில் வாங்கிய திட்டுகளை யாரும் திருப்பி எடுத்துக்கொள்ளப் போவதில்லை என்றாலும், அந்த அறிக்கையை அப்பாவுக்கு அனுப்பிவைத்தேன்.

பெயரைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். தமிழர்களின் சான்றிதழில் இருப்பது ஒற்றைப் பெயரும் ஒரு தலைப்பெழுத்தும். பாஸ்போர்ட்டில் அந்த எழுத்து விரிந்து அப்பாவின் முழுப் பெயராகிவிடும். திருமணத்துக்குப் பின் புதுப்பித்தவர்களுக்கு அது கணவரின் பெயராக மாறியிருக்கும். அமெரிக்க அமைப்புகளின் கணினிகளுக்கு முதற்பெயர், குடும்பப் பெயர் என்ற இரண்டு கட்டங்கள்தான் தெரியும். டிரான்ஸ்கிரிப்டில் ஒருத்தி, ஓட்டுநர் உரிமத்தில் இன்னொருத்தி, நுழைவுத் தேர்வுப் பதிவில் மூன்றாமவள் என்று நான் பிரிந்து கிடந்தேன். நுழைவுத் தேர்வில் அடையாள அட்டையும் பதிவுப் பெயரும் எழுத்துக்கு எழுத்துப் பொருந்தாவிட்டால் உட்காரவே விடமாட்டார்கள். நோட்டரி முன் கையெழுத்திட்ட பிரமாணப் பத்திரம் ஒன்றும், திருமணச் சான்றிதழின் நகலும் வைத்து எல்லா இடத்திலும் ஒரே ஆள்தான் என்று நிறுவினேன். இந்த இரண்டு தாள்களையும் முதலிலேயே தயாராக வைத்துக்கொண்டால் பிறகு ஒவ்வொரு கல்லூரிக்கும் தனித்தனியே விளக்கம் எழுத வேண்டியிராது.

முன்தேவைப் பாடங்கள்தான் இந்தப் பயணத்தில் அதிகக் காலத்தை விழுங்குபவை. கல்லூரிக்குக் கல்லூரி சிறு வேறுபாடுகள் இருந்தாலும், ஆய்வகத்தோடு கூடிய உடற்கூறியலும் உடலியங்கியலும் இரண்டு பருவங்கள், நுண்ணுயிரியல், வேதியியல், புள்ளியியல், ஊட்டச்சத்து, மனித வளர்ச்சி உளவியல், ஆங்கிலக் கட்டுரை ஆகியவற்றைப் பெரும்பாலும் எல்லோரும் கேட்கிறார்கள். பட்டம் எவ்வளவு பழையதாக இருந்தாலும் கவலையில்லை. ஆனால் அறிவியல் பாடங்கள் பழையவையாக இருக்கக்கூடாது. ஐந்து ஆண்டுக்குள், ஏழு ஆண்டுக்குள், சில இடங்களில் பத்து ஆண்டுக்குள் படித்திருக்க வேண்டும் என்பது விதி. வெளிநாட்டில் படித்த அறிவியல் பாடங்களை எத்தனை ஆண்டானாலும் ஏற்பதில்லை என்று சொல்லும் கல்லூரிகளும் உண்டு. ஆகவே, நுண்ணுயிரியலில் பட்டம் பெற்று, அதையே தொழிலாகச் செய்த நான், நுண்ணுயிரியல் அறிமுகப் பாடத்தை உள்ளூர் சமுதாயக் கல்லூரியில் (இரண்டாண்டுப் படிப்புகள் நடத்தும், கட்டணம் குறைந்த கல்லூரி) மறுபடி முதலிலிருந்து படித்தேன்.

இதைக் கேட்டுச் சிரிப்பவர்கள் உண்டு; முதலில் எனக்கும் எரிச்சலாகத்தான் இருந்தது. ஆய்வகத்தில் கிராம் சாயமேற்றும் பயிற்சி வந்தபோது என் கைகள் தாமாகவே வேலையை முடித்துவிட்டன. படிக ஊதா, அயோடின், ஆல்கஹால், சாஃப்ரனின் என்ற வரிசை பதினேழு வயதில் மனப்பாடமானது, மறக்கக்கூடியதல்ல. ஆனால் அந்த வகுப்பு கேட்ட கேள்விகள் வேறு. நாங்கள் கிருமியின் பெயரைக் கண்டுபிடித்ததோடு நிறுத்திக்கொள்வோம். இங்கே அந்தப் பெயர் தெரிந்த பிறகு நோயாளியைத் தனி அறையில் வைப்பதா, உள்ளே போகும்போது எந்த முகக்கவசம், வெளியே வரும்போது கைகளில் சானிடைசர் போதுமா, சோப்பும் தண்ணீரும் வேண்டுமா என்று போகும். குளோஸ்ட்ரிடியாய்டஸ் டிஃபிசில் என்ற கிருமியின் வித்துகள் ஆல்கஹாலுக்குச் சாகாது என்பது எனக்கு முன்பே தெரியும். அதனால் ஒரு செவிலியர் அந்த அறையிலிருந்து வெளியே வரும்போது கதவருகே உள்ள சானிடைசரை நம்பாமல் குழாயடிக்குப் போக வேண்டும் என்பது புதிதாகத் தெரிந்தது. காலாவதி விதி நியாயமானதுதானா என்று கேட்டால், என் விஷயத்தில் பாதி நியாயம் என்பேன். புள்ளியியலுக்கும் அதே விதியைப் பொருத்துவதில் எந்த நியாயமும் எனக்குத் தெரியவில்லை. சராசரியும் திட்டவிலக்கமும் ஏழு ஆண்டுகளில் மாறிவிடுவதில்லை.

உடற்கூறியல் இரண்டு பருவங்களையும் ஒரே நேரத்தில் எடுக்க முடியாது. முதலாவதை முடித்தால்தான் இரண்டாவது. எலும்பு, தசை, நரம்பு என்று முதல் பருவம். நாளமில்லாச் சுரப்பிகள், இதயம், நுரையீரல், சிறுநீரகம் என்று இரண்டாம் பருவம். கால அட்டவணையைத் தீர்மானிப்பது இந்தச் சங்கிலிதான். மாலை நேர வகுப்பில் என்னோடு படித்தவர்களில் வங்கி ஊழியர் ஒருவர், உணவகச் சமையல்காரர் ஒருவர், ராணுவத்திலிருந்து வந்து அரசின் செலவில் படித்தவர் ஒருவர், ஆம்புலன்ஸில் வேலை செய்பவர் ஒருவர் இருந்தார்கள். 206 எலும்புகளின் பெயர்களையும் அவற்றின் மேடு பள்ளங்களோடு ஒப்பிக்கும் செய்முறைத் தேர்வில் எல்லோரும் சமமாகத் திணறினோம். இந்த இரண்டு பாடங்களிலும் பி கிரேடுக்குக் கீழே போனால் பெரும்பாலான இடங்களில் விண்ணப்பமே பயனற்றது. திரும்ப எழுதுவதற்கும் வரம்பு வைத்திருக்கிறார்கள். ஆகவே வேலை, குழந்தை, இரண்டு அறிவியல் பாடங்கள் என்று ஒரே பருவத்தில் சுமக்க நினைப்பவர்களிடம், ஒரு பாடத்தைத் தள்ளி வையுங்கள் என்றே சொல்வேன்.

நுழைவுத் தேர்வைப் பற்றி நிறையச் சொல்ல ஒன்றுமில்லை. டீஸ் என்ற தேர்வையோ ஹெசி என்ற தேர்வையோ பெரும்பாலான கல்லூரிகள் கேட்கின்றன. எதையும் கேட்காத கல்லூரிகளும் உண்டு. 2022-இல் மாற்றப்பட்ட டீஸ் தேர்வில் வாசிப்பு, கணிதம், அறிவியல், ஆங்கிலம் என்ற நான்கு பகுதிகளில் 170 கேள்விகள், 209 நிமிடங்கள். நம் ஊரில் பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவருக்குக் கணிதம் எளிது. ஆனால் பவுண்டு, அவுன்ஸ், அங்குலம், காலன் என்ற அளவுகள் கையில் படிந்திருக்க வேண்டும். ஒரு கிலோவுக்கு 2.2 பவுண்டு, ஒரு அவுன்ஸ் திரவத்துக்கு 30 மில்லிலிட்டர் என்பதை அப்போதே பழகிக்கொண்டால், பிறகு மருந்தளவு கணக்கிடும் தேர்வுகளிலும் உதவும். இந்தியாவில் ஆங்கில வழியில் படித்திருந்தாலும் டோஃபல் மதிப்பெண் கேட்கும் கல்லூரிகள் உண்டு என்பதையும் மறந்துவிடக்கூடாது.

பரிந்துரைக் கடிதத்துக்கு ஊரில் நமக்குப் பாடம் எடுத்த பேராசிரியரைத் தேடிப் போவதில் பயனில்லை. நம்மை அண்மையில் பார்த்தவர், நாம் எப்படி வேலை செய்கிறோம் என்று எழுதக்கூடியவர் வேண்டும். உடற்கூறியல் பேராசிரியர் ஒரு கடிதம் கொடுத்தார். இன்னொன்று முதியோர் காப்பகம் ஒன்றின் செவிலியக் கண்காணிப்பாளரிடமிருந்து வந்தது. அங்கே நான் சி.என்.ஏ. என்ற சான்றுபெற்ற உதவியாளராக வார இறுதிகளில் வேலை செய்தேன். அமெரிக்கக் கூட்டாட்சி விதிப்படி அந்தப் பயிற்சிக்குக் குறைந்தது 75 மணி நேரம் தேவை. பல மாநிலங்கள் அதற்கு மேலும் கேட்கின்றன. குளிப்பாட்டுவது, படுக்கை மாற்றுவது, மலம் கழித்தவரைச் சுத்தம் செய்வது, எத்தனை மில்லிலிட்டர் குடித்தார், எத்தனை மில்லிலிட்டர் சிறுநீர் போனது என்று குறிப்பது ஆகியவை இந்த வேலையில் அடங்கும். பல கல்லூரிகள் இதைக் கட்டாயமாக்கவில்லை. ஆனாலும் பல்லாயிரம் டாலர் கட்டிச் சேர்வதற்கு முன், இந்த வேலை தன் உடம்புக்கும் மனத்துக்கும் ஒத்துவருகிறதா என்று சம்பளம் வாங்கிக்கொண்டே தெரிந்துகொள்ள இதைவிட மலிவான வழி எனக்குத் தெரியாது. "படிச்ச பொண்ணு பெட்பேன் எடுக்கணுமா" என்று உறவில் ஒருவர் கேட்டது அம்மா வழியாக என் காதுக்கு வந்தது. அத்தையிடம் அதைச் சொன்னேன். "எடுக்கறப்போ அதுல என்ன நிறம், எவ்வளவுன்னு பாத்துக்கோ. அதுக்குத்தான் படிச்சவ எடுக்கணும்" என்றார்.

தன்விளக்கக் கட்டுரை எழுதுவது நம்மவர்களுக்குப் பழக்கமில்லாத வேலை. "உயர்திரு அய்யா அவர்களுக்கு" என்று தொடங்கி, "இப்படிக்குத் தங்கள் உண்மையுள்ள" என்று முடியும் விண்ணப்பங்களை எழுதி வளர்ந்த கைக்கு, ஒரு பக்கம் முழுக்கத் தன்னைப் பற்றியே பேசுவது கூச்சம் தருகிறது. அந்தக் கூச்சத்தை மறைக்க நாம் பெரிய சொற்களுக்குப் போகிறோம்: சேவை, அர்ப்பணிப்பு, சிறுவயதுக் கனவு. பரிந்துரைக் கடிதம் தந்த பேராசிரியர் என் வரைவைப் படித்துவிட்டு, இந்தச் சொற்கள் இருக்கும் வரிகளையெல்லாம் எடுத்துவிட்டால் என்ன மிஞ்சும் என்று கேட்டார். மிஞ்சியது காப்பகத்தில் நடந்த ஒரு சிறு விஷயம்தான். அதை வைத்தே கட்டுரை முழுவதையும் கட்டினேன்.

காப்பகத்தில் ஒரு குஜராத்தி மூதாட்டி இருந்தார். அவருக்கு ஆங்கிலம் தெரியாது. எனக்குக் குஜராத்தி தெரியாது. இருவருக்கும் தெரிந்த இந்தி சில சொற்கள்தான். எதைக் கேட்டாலும் "ஓகே" என்பார். அவர் பகலில் குடிக்கும் தண்ணீரின் அளவு குறைந்துகொண்டே போனதைக் குறிப்பேட்டில் பார்த்தேன். மேசையில் எப்போதும் நிறைந்தே இருந்தது உறிஞ்சுகுழல் செருகிய பிளாஸ்டிக் குவளை. மகன் வரும் நாட்களில் மட்டும் அவர் கொண்டுவரும் எவர்சில்வர் டம்ளரில், உதட்டில் படாமல் அண்ணாந்து குடித்தார். பலர் கை படும் குழலில் வாய் வைப்பது அவருக்குப் பிடிக்கவில்லை. அதை நான் பணியிலிருந்த செவிலியரிடம் சொன்னேன். அண்ணாந்து குடிப்பதால் புரையேறும் ஆபத்து உண்டா என்று அவர் முதலில் பார்க்கச் சொன்னார். பேச்சு மற்றும் விழுங்கல் சிகிச்சையாளர் வந்து சோதித்த பிறகு, தனி டம்ளர் என்பதைப் பராமரிப்புத் திட்டத்தில் எழுதினார்கள். நான் கவனித்தேன், ஆனால் அடுத்த கேள்வியைக் கேட்கும் படிப்பு செவிலியரிடம்தான் இருந்தது. அந்தப் படிப்பு எனக்கு வேண்டும் என்று கடைசிப் பத்தியில் எழுதினேன். தேர்வுக் குழுவுக்கு நம் துயரக் கதை தேவையில்லை. செவிலியர் செய்யும் வேலை எது, மருத்துவரோ உதவியாளரோ செய்வது எது என்ற வேறுபாடு விண்ணப்பிப்பவருக்குத் தெரியுமா என்றுதான் அவர்கள் தேடுகிறார்கள் என்பது என் எண்ணம்.

இனிப் பணம். இந்தப் பகுதியைத்தான் விளம்பரங்களும் ஆலோசகர்களும் வேகமாகத் தாண்டிப் போகிறார்கள். ஏற்கெனவே இளநிலைப் பட்டம் பெற்றவருக்கு அரசின் பெல் உதவித்தொகை கிடையாது. பட்டம் வெளிநாட்டில் வாங்கியதாக இருந்தாலும் இதுவே விதி. கிரீன் கார்டு உள்ளவர்களுக்கு அரசுக் கல்விக் கடன் உண்டு, ஆனால் பெற்றோரைச் சாராத இளநிலை மாணவருக்கு மூன்றாம் ஆண்டு முதல் ஓர் ஆண்டுக்கு 12,500 டாலர், வாழ்நாள் மொத்தம் 57,500 டாலர் என்பது வரம்பு. தனியார் பல்கலைக்கழகத்தின் துரிதப் படிப்புக் கட்டணத்தில் பாதிக்குக்கூட ஓராண்டுத் தொகை வருவதில்லை. எச்-4 விசாவில் இருப்பவருக்கு அந்தக் கடனும் இல்லை. தனியார் வங்கிக் கடன் வாங்கக் குடியுரிமையோ கிரீன் கார்டோ உள்ள ஒருவர் உடன்கையெழுத்திட வேண்டியிருக்கும். படிக்கும் மாதங்களில் வேலைக்குப் போக வேண்டாம் என்று கல்லூரிகளே அறிவுறுத்துவதால் அந்த வருமான இழப்பையும் கட்டணத்தோடு கூட்டித்தான் பார்க்க வேண்டும். அந்த மாநிலத்தில் வசிப்பவர்களுக்கான குறைந்த கட்டணம் கிடைக்குமா என்பதைக் கல்லூரியின் வசிப்பிடப் பிரிவிடம் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளாமல் எந்தக் கணக்கையும் போடக்கூடாது.

இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கும் எவரும் சமுதாயக் கல்லூரியின் ஏ.டி.என். என்ற இரண்டாண்டுச் செவிலியர் படிப்பை ஒதுக்கிவிட முடியாது. கட்டணம் பல மடங்கு குறைவு. எழுதுவது அதே என்கிளெக்ஸ். கிடைப்பது அதே உரிமம். வேலைக்குச் சேர்ந்த பிறகு இணையவழியில் பி.எஸ்.என். பட்டத்தை முடித்துக்கொள்ளலாம், பல மருத்துவமனைகள் அதற்கு உதவித்தொகையும் தருகின்றன. எதிர்ப்பக்கத்திலும் வலுவான காரணங்கள் உண்டு. பட்டம் பெற்ற செவிலியர்களின் பங்கு பத்து விழுக்காடு கூடினால் அறுவை சிகிச்சை நோயாளிகள் இறக்கும் வாய்ப்பு ஐந்து விழுக்காடு குறைகிறது என்று செவிலியத் துறை ஆய்வாளர் லிண்டா எய்க்கனும் குழுவினரும் 2003-இல் வெளியிட்ட ஆய்வு சொன்னது. 2010-இல் அமெரிக்காவின் இன்ஸ்டிட்யூட் ஆஃப் மெடிசின் 2020-க்குள் செவிலியர்களில் 80 விழுக்காட்டினர் பட்டதாரிகளாக வேண்டும் என்று பரிந்துரைத்தது. பக்கத்து நியூயார்க் மாநிலம் 2017-இல், உரிமம் பெற்ற பத்து ஆண்டுகளுக்குள் பட்டம் பெற வேண்டும் என்று சட்டமே இயற்றியது. இந்தப் பகுதியின் பெரிய மருத்துவமனைகள் புதியவர்களை எடுக்கும்போது பட்டத்தை எதிர்பார்க்கின்றன. என் முடிவு இப்படி அமைந்தது: கடன் வாங்காமல் கட்டக்கூடிய அரசுப் பல்கலைக்கழக இடம் கிடைத்தால் துரிதப் படிப்பு, கிடைக்காவிட்டால் ஏ.டி.என். தனியார் கல்லூரிகளில் மிக அதிகக் கட்டணம் கேட்டவற்றை விண்ணப்பிக்கும் முன்பே பட்டியலிலிருந்து எடுத்துவிட்டேன். கொலம்பியா போன்ற இடங்கள் இரண்டாம் இளநிலைப் பட்டத்துக்குப் பதிலாக நேரடி முதுநிலைப் பட்டமே தருகின்றன. பெயருக்கு அழகு, ஆனால் புதிய செவிலியர் வேலையில் முதல் நாள் நிற்கப்போவது அதே வார்டில்தான்.

விசா சார்ந்த கவலை ஒன்றையும் மறைப்பதற்கில்லை. எச்-4 விசாவில் மாணவர் விசா இல்லாமலே படிக்கலாம். ஆனால் படித்து முடித்து உரிமம் வாங்கும் நேரத்தில் வேலை அனுமதி அட்டை கையில் இருக்க வேண்டும். அந்த அட்டையோ கணவரின் வேலையையும், அரசின் மனத்தையும் சார்ந்தது. அந்த விதியை நீக்கப்போவதாக அரசே சில ஆண்டுகள் சொல்லிக்கொண்டிருந்த காலமும் உண்டு. செவிலியர் உரிமம் என் பெயரில் வரும், அது யாருடைய விசாவையும் சார்ந்ததல்ல என்பதே எங்கள் வீட்டில் விவாதத்தை முடித்துவைத்த வாதம்.

விண்ணப்பங்களைப் பெரும்பாலும் நர்சிங்காஸ் என்ற பொது வாயில் வழியாக அனுப்ப வேண்டும். படித்த ஒவ்வொரு பாடத்தையும், கிரெடிட்டையும், கிரேடையும் நாமே தட்டச்சு செய்து, பிறகு அவர்கள் சரிபார்க்கும்வரை காத்திருக்க வேண்டும். கடைசித் தேதிக்கு முந்தைய வாரம் தொடங்குபவர்களுக்கு அது போதாது. சில கல்லூரிகள் நேர்காணலைப் பதிவுசெய்யப்பட்ட காணொளியாக நடத்துகின்றன. திரையில் கேள்வி தோன்றும், சில நொடிகள் யோசிக்கலாம், பிறகு கேமராவைப் பார்த்துப் பேச வேண்டும். எதிரே தலையாட்ட ஒரு முகமும் இருக்காது. முடிவுகள் வந்தபோது ஓரிடம் மறுத்தது, ஓரிடம் காத்திருப்போர் பட்டியலில் வைத்தது, அரசுப் பல்கலைக்கழகம் ஒன்று 15 மாதப் படிப்புக்கு இடம் தந்தது. மறுக்கப்பட்டவர்கள் அதைத் தம் தகுதிக் குறைவு என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். 2021-இல் மட்டும் அமெரிக்காவின் பட்ட, மேற்பட்டச் செவிலியப் படிப்புகள் தகுதியுள்ள 91,938 விண்ணப்பங்களைத் திருப்பி அனுப்பியதாக அமெரிக்கச் செவிலியர் கல்லூரிகள் சங்கம் கணக்கிட்டது. ஒரே ஆள் பல இடங்களுக்கு விண்ணப்பித்திருப்பார் என்பதைக் கழித்துப் பார்த்தாலும் அது பெரிய எண்தான். ஆசிரியர்கள் போதவில்லை, மருத்துவமனைகளில் பயிற்சி இடங்கள் போதவில்லை என்பவை முக்கியக் காரணங்கள். மருத்துவமனைகள் செவிலியர் இல்லை என்று தவிக்கும் அதே நாட்டில் இது நடக்கிறது.

இடம் கிடைத்த பிறகும் வாசலுக்கு வெளியே ஒரு வேலை மிச்சமிருந்தது. மருத்துவமனைக்குள் பயிற்சிக்கு அனுப்பும் முன் தட்டம்மை, புட்டாளம்மை, ருபெல்லா, சின்னம்மை, ஹெபடைடிஸ்-பி ஆகியவற்றுக்கு எதிர்ப்பாற்றல் இருப்பதற்கான ரத்தப் பரிசோதனைகள், காசநோய்ச் சோதனை, இதயத் துடிப்பு நின்றவருக்கு முதலுதவி செய்யும் பி.எல்.எஸ். சான்று, குற்றப் பின்னணிச் சரிபார்ப்பு என்று பட்டியல் வருகிறது. நம் தலைமுறையினரிடம் தடுப்பூசி அட்டை இருப்பது அரிது. அம்மா பரணில் தேடியும் கிடைக்கவில்லை. அதில் கவலைப்பட ஒன்றுமில்லை, ரத்தத்தில் எதிர்ப்புப் பொருள் இருந்தால் அட்டை தேவையில்லை. காசநோய்ச் சோதனையில்தான் இந்தியர்கள் கவனமாக இருக்க வேண்டும். பிறந்தவுடன் பி.சி.ஜி. ஊசி போட்டுக்கொண்ட நமக்குத் தோலில் போடும் சோதனை, நோய் இல்லாமலே வீங்கிக் காட்டக்கூடும். பிறகு எக்ஸ்ரே, விளக்கக் கடிதம் என்று அலைய நேரிடும். குவான்டிஃபெரான் போன்ற ரத்தச் சோதனையை அந்தத் தடுப்பூசி பாதிப்பதில்லை என்பதால் அதையே நேரடியாகக் கேட்டு எடுத்துக்கொண்டேன். எனக்குக் குறை வந்தது ஹெபடைடிஸ்-பி எதிர்ப்பாற்றலில். பூஜ்ஜியம், ஒன்று, ஆறு என்ற மாத இடைவெளியில் மூன்று தவணை ஊசி போட வேண்டும். முதல் இரண்டும் முடிந்துவிட்டன. மூன்றாவது தவணை முதல் பருவத்தின் நடுவில் வருகிறது, அதுவரை போட்டவற்றின் சான்றை ஏற்றுக்கொண்டு பயிற்சிக்கு அனுமதித்திருக்கிறார்கள்.